ஊரியலின் விலாசம்

ஹெர்மிலா சவாலாவின் வலது கை பொல்லாத கை. புருஷன் குடித்துவிட்டு வந்து, கைக்குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி வேடிக்கை காட்டினானே, அன்றைக்கு அவனை அடித்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது அந்தக் கைதான். போனவன் போனவன்தான். ஜெராக்ஸ் கடை போட்டு, மூட்டை மூட்டையாகக் காகிதம் தூக்கி, ஊரில் உள்ள பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கேள்வித்தாள் அடித்து, அந்தக் குழந்தையை ஆளாக்கியதும் அதே கைதான். ஒரு பாவமும் அறியாத சிரேனியாவின் கன்னத்தில் ஒருநாள் விழுந்ததும் அந்தக் கைதான். அந்த அறையைச் சொல்லாமல் ஹெர்மிலாவின் கதையைச் சொல்கிறவன் பொய் சொல்கிறான். எங்கள் சான் லூக்காஸ் ஊரில் அப்படிப் பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிள்ளையின் பெயர் ஊரியல். நகரத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தான். படித்துவிட்டு வந்து, திரை உடைந்துபோன ஒரு பழைய லேப்டாப்பைக் கடை அலமாரியில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் வைத்து, அதை இரவு பகலாக ஓடவிட்டான்.

"இது எதுக்குடா? கரண்டு பில்லு உங்கப்பன் கட்டுவானா?"

"நம்ம போன் நம்பரு, நம்ம நாள் கிழமை, எல்லாம் எவனோ ஒரு கம்பெனிக்காரன்கிட்ட எதுக்குக் கிடக்கணும் முதலாளி? நம்ம அலமாரியில கிடக்கட்டும்."

முதலாளி என்றால் அம்மா. எங்கள் ஊர்ப் பையன்கள் பெற்றவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் சொன்ன ஏற்பாடு இதுதான்: அவள் தன் போனில் ஒரு நம்பரை மாற்றினால் அலமாரியில் இருக்கும் அந்த லேப்டாப் பெட்டி அதை வாங்கி வைத்துக்கொள்ளும், அவன் போன் பெட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். இவள் காலண்டரில் ஒரு நாளைக் குறித்தால் அவன் போனில் அலாரம் அடிக்கும்.

"பக்கத்து ரூம்ல இருக்கிற உனக்கு இவ்வளவு சுத்தி வளைச்சா சொல்லணும்? ஒரு கத்து கத்தினா பத்தாது?"

"நீங்க கத்தினா மறந்துடுவேன் முதலாளி. கழுதை கத்தினா மறக்க மாட்டேன்."

உண்மையாகவே கழுதைதான். விறகுக்காரர் சோனின் கழுதை கத்துவதைப் பதிவு பண்ணி, அதைத்தான் காலண்டர் அலாரமாக வைத்திருந்தான். நாளைக்குப் பல் டாக்டர் என்றால் முந்தின நாள் மதியமே கழுதை கத்தும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்ததும் ஹெர்மிலா கரண்டியை ஓங்குவாள், அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்றிக்கறி வாங்கப் போனான். கறிக்கடை வாசலிலேயே ஒரு வண்டி நின்றது. இறங்கியவர்கள் துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் அடித்தார்கள். பல் தெறித்து விழுந்ததைக் கடைக்காரன் பார்த்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்து, வண்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஏன் என்று கேட்பதற்கு ஆளும் கிடையாது. கடைக்காரன் வாசலைக் கழுவிவிட்டுக் கறி நிறுக்கப் போனான்.

ஹெர்மிலா ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். எவேலியோ என்ற போலீஸ்காரன் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏதாவது பொண்ணை இழுத்துக்கிட்டுப் போயிருப்பான் சென்யோரா. கையில காசு தீர்ந்ததும் வந்துடுவான். போய் நிம்மதியாப் படுங்க."

அவள் படுக்கவில்லை. பிள்ளைகளைத் தேடுகிற பெண்களோடு சேர்ந்துகொண்டாள். பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருத்திக்கும் ஒரு மகன், ஒரு புருஷன், ஒரு அண்ணன் காணாமல் போயிருந்தான். இவர்கள் தேடும் விதம் ஊருக்கே தெரியும்: நீளமான இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் அடித்து மண்ணில் இறக்குவார்கள், உருவி எடுத்து நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். கீழே ஆள் இருந்தால் கம்பி சொல்லிவிடும். அந்த நாற்றம் வந்தால் ஒருத்தி உட்கார்ந்து வாந்தி எடுப்பாள், இன்னொருத்தி கடவுளுக்கு நன்றி சொல்வாள்.

முன்பெல்லாம் இவர்களுடைய நம்பரும் விலாசமும் ஒருத்தியின் போனில் மட்டும் இருந்தன. அந்தப் போனை யாரோ பிடுங்கிக்கொண்டு போன பிறகு ஆளாளுக்கு மிரட்டல் வந்தது. அப்போதுதான் ஹெர்மிலா மகனின் பெட்டியை எல்லாருக்கும் திறந்துவிட்டாள். குடும்பத்துக்கென்று ஊரியல் அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்த விலாசப் புத்தகத்திலேயே எல்லாரையும் சேர்த்தாள். தேடப் போகும் நாளும் இடமும் ஒருத்தி குறித்தால் எல்லாருடைய போனிலும் விழும். வீடு மாறினால் அவரவர் போனில் விலாசத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குப் பெட்டி சொல்லிவிடும். நம் வீட்டுப் பெட்டி, நம் வீட்டுச் சாவி என்று பெண்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்தக் குடும்பப் புத்தகத்தில் ஊரியலின் கணக்கும் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. சாப்பிட வருகிறவன் தட்டை யாராவது கவிழ்த்து வைப்பார்களா? அவன் திரும்பி வரும்போது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். பெற்றவள் புத்தி அப்படித்தான் போகும், குறை சொல்ல நான் யார்.

காணாமல் போனவர்களையும் அந்தப் புத்தகத்தில் ஏற்றியிருந்தார்கள். பெயர் இருக்கும், போட்டோ இருக்கும், பிறந்த நாள் இருக்கும். விலாசக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். ஆள் கிடைத்து அடக்கமும் ஆன பிறகு, பெற்றவளே தன் கையால் அந்தக் கட்டத்தை நிரப்புவாள்: இன்ன கல்லறை, இன்ன வரிசை. எல்லார் போனிலும் அது ஒரே நேரத்தில் வந்து விழும். சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பவள் போனைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். கொடுத்து வைத்தவள், பிள்ளைக்கு விலாசம் கிடைத்துவிட்டது என்று பொறாமைப்படுவாள். இதைவிடக் கேவலமான பொறாமை உலகத்தில் உண்டா? ஹெர்மிலாவும் பொறாமைப்பட்டாள். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. ஊரியலின் கட்டம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

சிரேனியா அவளுக்குக் கொமாத்ரே. அதாவது சிரேனியாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் ஹெர்மிலா. அந்த உறவு கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேல். அந்த மகனையும் கொண்டுபோய்விட்டார்கள். சிரேனியா காலையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சோள மாவில் அவித்த தமாலே விற்பாள், மதியத்துக்கு மேல் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

பழைய செங்கல் சூளைக்கு அருகில் மண் இளகிக் கிடக்கிறது என்று ஒரு ஆட்டுக்காரன் சொன்னான். ஹெர்மிலாதான் காலண்டரில் போட்டாள்: சனிக்கிழமை, செங்கல் சூளை, எல்லாரும் வாங்க. போய்ப் பார்த்தால் குழி காலி. மண் ஈரமாக, புதிதாகக் கிளறியிருந்தது.

"யாரோ நமக்கு முன்னாடி வந்து தோண்டியிருக்காங்க" என்றாள் சிரேனியா.

"நாய் தோண்டியிருக்கும்."

"எந்த நாய் கொமாத்ரே டீசல் வண்டியில வருது?" டயர் தடத்தைக் காட்டினாள்.

மற்றவர்கள் ஆத்திரத்தில் கம்பிகளை எறிந்துவிட்டு வேன் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். சிரேனியா மட்டும் சோள மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். வெயில் சாயும்வரை சலித்தாள். கடைசியில் ஒரு கைப்பிடி கொண்டுவந்தாள். சின்னச் சின்ன எலும்புகள், கறுத்துப்போனவை.

"கை விரலு மாதிரி இருக்கு, பாரேன்."

"கோழி எலும்பு. சூளைக்காரனுங்க தின்னுட்டுப் போட்டது. தூக்கிப் போடு."

"கோழிக்கு இத்தனை விரல் ஏது?" என்று சொல்லிக்கொண்டே சிரேனியா அவற்றைக் கழுவி ஒரு காப்பித்தூள் டப்பாவில் போட்டாள். தலைநகரத்தில் எலும்பைச் சோதிக்கிற இடத்தில் நேரம் கேட்டாள். மாதக் கணக்கில் தள்ளிப் போட்டு ஒரு தேதி கொடுத்தார்கள். அதையும் காலண்டரில் போட்டுவைத்தாள்: சிரேனியா, ஆய்வகம், சூளை எலும்பு.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் இதே கதைதான். ஓடைக்கரையில் காலிக் குழி. பழைய கோழிப் பண்ணையில் காலிக் குழி, பக்கத்தில் டீசல் ஊற்றி எரித்த சாம்பல். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஆனால் இந்த மணியை அடிக்கிறவள் யார்? ஹெர்மிலாவின் கடையில் எல்லாரும் கூடினார்கள்.

"நம்ம நாளு நமக்குத்தான் தெரியும். அவனுங்களுக்கு எப்படித் தெரியுது?" என்றாள் ஒருத்தி.

ஒவ்வொரு தலையாகச் சிரேனியாவின் பக்கம் திரும்பியது.

"காலையில யாருக்குத் தமாலே விக்கிற?" என்று ஹெர்மிலா கேட்டாள்.

"பசிக்கிறவனுக்கு."

"போலீஸ்காரனுங்களோட என்ன பேச்சு உனக்கு?"

"பச்சை மொளகாயா, செவப்பு மொளகாயான்னு கேப்பேன். வேற என்னத்த பேசறது?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஹெர்மிலாவைக் கிளப்பிவிட்டது. விட்டாள் ஒரு அறை. சிரேனியா அலமாரியில் போய் மோதினாள், உதடு கிழிந்து மேசைமேல் இருந்த காகிதத்தில் ரத்தம் சொட்டியது. அவள் அழவில்லை.

"என் பிள்ளைக்காக அடிச்சியா, உன் பிள்ளைக்காக அடிச்சியா, கொமாத்ரே?"

 வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் இரண்டு பெண்கள் அவளுடைய தமாலேப் பானையை நடுத்தெருவில் உதைத்துக் கவிழ்த்தார்கள். கொதிக்கும் தண்ணீர் அவள் காலில் கொட்டித் தோல் உரிந்தது. எதிர்ப்புறத்தில் கடையைத் திறந்துகொண்டிருந்த ஹெர்மிலா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஷட்டரை முழுவதும் தூக்கி மாட்டினாள்.

சிரேனியா ஊரை விட்டே போனாள். எல் சபீனோ என்ற ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சந்தில் அறை எடுத்தாள். விரட்டிய பிறகும் ஒரு காரியம் செய்தாள்: தன் போனில் விலாசத்தைத் திருத்தினாள். மகன் கிடைத்தால் எங்கே வந்து சொல்வார்கள்? அந்த ஒரு எண்ணம்தான். புது விலாசம் எல்லார் போனிலும் விழுந்தது. ஹெர்மிலா அதைப் படித்துவிட்டு, எங்க போனா எனக்கென்ன என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆய்வகத் தேதிக்கு முந்தின நாள் மதியம், அந்தச் சந்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. சிரேனியா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டவில்லை, கதவின் வழியாகவே சுட்டார்கள். உள்ளே வந்து முகத்தில் சுட்டார்கள். பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் தரையில் கொட்டினார்கள்; அரிசி, அவரை, சர்க்கரை, எல்லாம் ரத்தத்தோடு ரத்தமாகக் கலந்து கிடந்தது. காப்பித்தூள் டப்பா அங்கே இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மகள் நோயெமி முந்தின வாரமே தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

நோயெமி நேராக ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். அம்மாவின் ஏப்ரனை ஹெர்மிலாவின் மேசையில் போட்டாள். துணி இன்னும் காயவில்லை.

"அந்த ரூம் என் புருஷனுக்கே தெரியாது. வாடகைக்கு விட்டவனுக்கு அம்மா பேரே தெரியாது. யாருக்குத் தெரியும், சொல்லுங்க தோன்யா ஹெர்மிலா. உங்க பெட்டிக்குத் தெரியும். அதைத் தவிர யாருக்குத் தெரியும்?"

ஹெர்மிலா ஏப்ரனைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். அப்படி அவளை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

நோயெமி போன பிறகு கடையைச் சாத்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். யார் வந்து கேட்டார்கள், எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்று அது தன்னளவில் குறித்து வைத்துக்கொள்ளும். பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நம் வீட்டுக்கு நம் ஆட்கள்தானே வருவார்கள் என்ற நினைப்பு. இப்போது பார்த்தாள். பெண்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. நடுவில், மணிக்கு ஒருமுறை, விடாமல், இன்னொரு பெயர்: ஊரியல்.

முதலில் வந்தது சந்தோஷம். மகன் உயிரோடு இருக்கிறான், மணிக்கு மணி அம்மா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான், நான்தான் பார்க்காமல் இருந்துவிட்டேன் என்று அவள் எழுந்து நின்றேவிட்டாள். கொஞ்ச நேரம் அவனுக்கு உயிர் இருந்தது. அப்புறம் கீழே மேசையில் கிடந்த ஏப்ரன் கண்ணில் பட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் பூட்டை உடைக்கவில்லை, யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. ஊரியலை அடித்துக் கொண்டுபோனவர்களில் ஒருவன் அவன் போனை வைத்துக்கொண்டான். நல்ல போன், புதுசு. திறக்கிற எண்ணை அவன் வாயிலிருந்தே பிடுங்கியிருப்பார்கள், எப்படிப் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்தபோது அவள் தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். போன் தன் வேலையைத்தான் செய்தது. பெண்கள் நாள் குறிக்கக் குறிக்க, கொன்றவன் பையில் கழுதை கத்தி, நாளைக்கு இன்ன இடத்தில் தோண்ட வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சிரேனியா சூளை எலும்பை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகப் போகிறாள், அவள் எங்கே குடியிருக்கிறாள் என்றும் சொன்னது. சொல்லி அனுப்பியது ஹெர்மிலாவின் அலமாரி. தன் கையால் தன் கண்ணையே குத்திக்கொண்டாள் என்பார்களே, அதுதான்.

கணக்கை அடியோடு அழித்துவிட அவள் விரல் போனது. அழித்தால் அந்தப் போன் ஊமையாகிவிடும். யார் கையில் இருக்கிறது என்று ஒருநாளும் தெரியாது. ஊரியலின் விலாசக் கட்டம் காலியாகவே கிடக்கும். அழிக்காவிட்டால் அடுத்த பெண் சாவாள். யோசித்து, பெண்களின் புத்தகத்தையும் காலண்டரையும் மட்டும் ஊரியலின் கணக்கிலிருந்து பிரித்து எடுத்தாள். அவனுடைய சொந்தக் காலண்டர் ஒன்று இருந்தது, பல் டாக்டர், பரீட்சை என்று அவன் குறித்து வைத்தது. அதை மட்டும் விட்டுவைத்தாள். அந்த ஒரு நூல்தான் மிச்சம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொன்றவன் அடக்கத்துக்கு வருவான். யார் அழுகிறார்கள், யார் முறைக்கிறார்கள், அடுத்து யார் என்று பார்த்து வைத்துக்கொள்ள வருவான். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் குனிந்துகொண்டு அழுவோம். ஹெர்மிலா ஊரியலின் காலண்டரைத் திறந்து, சிரேனியாவைக் குழியில் இறக்குகிற நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் அந்த ஆளைக் கொன்றுவிடுவார்கள், கொன்றால் மகன் இருக்கும் இடம் அவனோடு போய்விடும் என்று பயந்தாள். நிகழ்ச்சிக்கு ஒரு தலைப்பு வை என்று பெட்டி கேட்டது. "முதலாளி கூப்பிடுகிறாள்" என்று எழுதினாள்.

அடக்கத்துக்குப் பெண்கள் எல்லாரும் கம்பியோடு வந்தார்கள். தங்களில் ஒருத்தி போனால் அப்படித்தான் வருவார்கள். ஹெர்மிலா கடைசி வரிசையில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. வேலி ஓரம் காவலுக்கென்று இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒருவன் புது ஆள். இன்னொருவன் எவேலியோ, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பவ்யமாக நின்றான். பாதிரியார் ஜெபத்தை முடித்தார். கயிற்றைப் பிடித்துச் சவப்பெட்டியை இறக்கினார்கள்.

கழுதை கத்தியது.

யாரோ ஒரு பையன் சிரித்தான். கிழவர்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். விறகுக்காரர் சோன், செத்துப்போன தன் கழுதையின் குரலைக் கேட்டு வாய் பிளந்து நின்றார். எவேலியோ சட்டைப் பையில் கையை விட்டான், தொப்பி கீழே விழுந்தது. கழுதை விடாமல் கத்தியது. அவன் நிமிர்ந்தபோது எதிரில் ஹெர்மிலா வந்துகொண்டிருந்தாள்.

அவன் கை போனிலிருந்து துப்பாக்கிக்கு மாறுவதற்குள் கம்பி மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பாதிரியார் வரைக்கும் கேட்டது. இரண்டாவது அடி முழங்காலில். விழுந்தான். போன் புல்லில் விழுந்து கத்திக்கொண்டே கிடந்தது.

"இது என் பிள்ளை போனு" என்றாள் ஹெர்மிலா. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் கேட்டது.

புது ஆள் துப்பாக்கியைத் தூக்கினான். குண்டு ஒரு கல் சிலுவையைப் பிளந்தது, சில்லு பட்டு ஒரு பெண்ணின் நெற்றி கிழிந்தது. அதற்குள் பெண்கள் கம்பிகளோடு ஓடி வந்தார்கள். அவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடியவன், இன்றுவரை எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெண்கள் எவேலியோவைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை வருஷம் மண்ணில் இறங்கிய கம்பிகள் அன்றைக்கு மாமிசத்தில் இறங்கின. ஒன்று தொடையில் குத்தி நின்றது. ஒன்று காதைக் கிழித்தது. அவன் அலறினான், யாருக்கும் பாவம் என்று தோன்றவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, வேலியாகவே வந்து நின்றானே, அந்த வெறி.

நோயெமி குழிக்காரனிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "நகருங்க."

நகரவில்லை ஹெர்மிலா. அவன்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள்.

"விடுங்கடி. இவன் சாகக் கூடாது. இன்னும் சொல்லலை. இவன் இன்னும் சொல்லலை."

"எங்கம்மாவை அடிச்சவ நீ. இவனையும் காப்பாத்துறியா?" நோயெமி மண்வெட்டியை ஓங்கினாள். அவன் தலைக்கு வைத்த குறி. ஹெர்மிலா வலது கையை நீட்டி மறித்தாள். முழங்கை இருந்த இடத்தில் முழங்கை இல்லை, கை வேறு பக்கம் மடங்கித் தொங்கியது. முதுகிலும் இரண்டு கம்பி விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ரத்தம் வழிகிற அவன் காதில் வாயை வைத்தாள்.

"எங்கடா வச்ச? சொல்லிடு. நான் எந்திரிச்சா நீ செத்த. எங்க வச்ச?"

"சூளை" என்றான். வாயில் ரத்தம் நுரைத்தது. "செங்கல் சூளை. அங்கதான் இருந்தான்."

"அது காலிக் குழி."

"கழுதை கத்திச்சு சென்யோரா. நாளைக்குச் சூளைக்கு வாங்கன்னு. நீங்க வர்றதுக்குள்ள எடுத்துட்டோம். எரிச்சு ஆத்துல விட்டுட்டோம்."

அவள் குறித்த நாள். அவள் கையால் போட்ட அலாரம். பிள்ளை அந்தக் குழியில் அம்மாவுக்காகக் காத்துக்கிடந்தான். வரேன் என்று அவளே கொன்றவனுக்குச் சொல்லி அனுப்பி, அவனை இரண்டாம் முறையும் கொண்டுபோக வைத்தாள். ஹெர்மிலாவின் முகத்தை அப்போது பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், அவள் இனி எழுந்து விலகிவிடுவாள், அவன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அவளும் முழங்காலை ஊன்றினாள். பிறகு மறுபடி குனிந்தாள்.

"எல்லாத்தையுமா எடுத்தீங்க?"

"அவசரம்... கைக்கு வந்ததை அள்ளினோம்."

ஹெர்மிலா தலையைத் தூக்கி நோயெமியைப் பார்த்தாள்.

"அந்தக் காப்பித்தூள் டப்பா இருக்கா?"

"எந்த டப்பா?"

"உங்கம்மா சலிச்சது. கோழி எலும்புன்னு நான் சொன்னது."  அவன்மேல் கிடந்தபடியே அழுதாள். "அது என் பிள்ளைடி. உங்கம்மா அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டா."

மண்வெட்டி தாழ்ந்தது. யாரும் அப்புறம் அவனை அடிக்கவில்லை. ராணுவ வண்டி வரும்வரைக்கும் கம்பிகளை ஊன்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

எவேலியோ பிழைத்துக்கொண்டான், நொண்டுகிறான், உள்ளே இருக்கிறான். நீதிமன்றத்தில் அவன் வக்கீல், இந்தத் தாய் என் கட்சிக்காரரின் உயிரைக் காப்பாற்றினார், அவருக்கே இரக்கம் இருக்கும்போது என்று ஆரம்பித்தார். ஹெர்மிலா இருந்த இடத்திலிருந்தே எழுந்து எவேலியோவைப் பார்த்தாள். "உன் உயிரை இல்லடா, உன் நாக்கைக் காப்பாத்தினேன்" என்றாள். நீதிபதி உட்காரச் சொன்னார்.

ஆய்வகத்தில் சோதித்து, சந்தேகமில்லை, உங்கள் மகன்தான் என்று சொன்னார்கள். ஒரு கைப்பிடிக்குப் பெரிய சவப்பெட்டி எதற்கு என்று தச்சன் கேட்டான். முழு ஆள் பெட்டிதான் செய்யச் சொன்னாள், சிரேனியாவுக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கினாள். அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். முதலில் சிரேனியாவின் விலாசத்தைத் திருத்தினாள்: ஊர்க் கல்லறை, சுவரோர வரிசை. பிறகு ஊரியலின் காலிக் கட்டத்தைத் திறந்தாள்: ஊர்க் கல்லறை, சுவரோர வரிசை, சிரேனியாவுக்கு அடுத்தது. அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, ஊரியலின் கணக்கை அழித்தாள். நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் நோயெமி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் போன் இருந்தது. இரண்டு விலாசத்தையும் படித்து முடித்துவிட்டு, கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இனிமே சரியா நீட்டி மடக்க வராதாம். கையை ஓங்கக்கூட முடியாதாம்."

"நல்லது" என்றாள் நோயெமி.

"நல்லதுதான்" என்றாள் ஹெர்மிலா, உட்காரச் சொல்லி நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டாள்.